கிளட்சுக்குப் பக்கத்தில் ஒரு பலகை

என்ன பாய், சௌக்கியமா? போன இடத்தில் டீயாவது ஒழுங்காகப் போடுகிறார்களா? இங்கே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் உங்கள் ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். நீங்கள் ஊரைவிட்டுப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. எனக்கு எழுத வராது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள், என் பேச்சைத் திருத்தித் திருத்தி. இன்றைக்கு உங்களிடம் ஒன்று கேட்டே ஆகவேண்டும். காலையிலிருந்து ஒன்றும் புரியவில்லை.

முதலாளியின் பச்சைக் காரில், கிளட்சுக்கு இடப்பக்கம், டிரைவர் கால் வைக்க ஒரு சின்னப் பலகை இருக்கிறதே. கறுப்பு ரெக்ஸின் சுற்றி, ரப்பர் மேட்டோடு மேட்டாக, குனிந்து பார்த்தாலும் கண்ணில் படாதபடி. அதை இன்று காலை கழற்றவேண்டி வந்தது. ரெக்ஸின் ஒரு மூலையில் கிழிந்திருந்தது. உரித்துப் பார்த்தேன். உள்ளே மரம். பெருவிரல் பதிந்து பதிந்து விழுந்த ஒரு குழி. குழிக்குப் பக்கத்தில் மாட்டுக்கண் மாதிரி ஒரு கணு. பாய், அது என் தறியின் மிதிப்பலகை. இடது கால் பலகை.

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன். அப்போதுதான் எனக்கே விளங்கும்.

நான் குழித்தறியில் பட்டுச்சேலை நெய்தவன். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் இரண்டு காலும் இரண்டு மிதிப்பலகை மேல்தான். மிதித்தாலும் அங்கேதான், மிதிக்காவிட்டாலும் அங்கேதான். அண்ணன் விசைத்தறி வாங்கியபோது என் தறி இருந்த இடம் அதற்கு வேண்டியிருந்தது. தறியைப் பிரித்துப் பின்பக்கம் போட்டுவிட்டு, முதலாளியின் சேலை வேனுக்கு டிரைவராகப் போனேன். வருத்தமெல்லாம் இல்லை, முதுகுவலி போயிற்று. அந்த வேனில் ஒரு தடவை செய்யாறு கம்பெனி பஸ்ஸுக்கு வழிவிடப்போய், ரோட்டில் நெல் காயப்போட்டிருந்த ஒரு கிழவியிடம் நான் வாங்கிய பேச்சு இருக்கிறதே... சரி, அது வேண்டாம். மருமகள் முறைக்கிறாள்.

அப்புறம்தான் முதலாளி என்னைப் பச்சைக் காருக்கு மாற்றினார். அவர் அப்பா காலத்து வெளிநாட்டு வண்டி. இரண்டே பேர் உட்காரலாம், மேலே துணிக்கூரை, தரையை உரசுகிற மாதிரி ஓடும். ஞாயிற்றுக்கிழமை போளூர் வரை போய்த் திரும்புவோம். வந்தபடியே இருக்கவேண்டும், புதிதாக ஒரு ஸ்க்ரூ ஓட்டைகூடப் போடக்கூடாது என்பது அவர் சட்டம். அதன் கிளட்ச் மேல் கொண்டுபோய் என் தறிக்காலை வைத்தேன். ஆறு மாதத்தில் கிளட்ச் பிளேட் கருகிவிட்டது. நாற்றம் தெருமுனை வரை அடித்தது. நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள்.

"இன்னா தறிக்காரரே, வண்டி ஓட்டுனியா, சேல நெஞ்சியா?"

"நான் மெதிக்கவே இல்ல பாய். சும்மா கால வெச்சிகினு இருந்தேன்."

"அந்தச் சும்மாதான்யா பிளேட்ட தின்னுடுச்சி. ஜல்தில கெடைக்கிற சாமானா இது? கால எடுத்துக் கீழ வையி."

"கீழ எங்க பாய் எடம் இருக்குது?"

நீங்கள் தலையை உள்ளே விட்டு வெகுநேரம் பார்த்தீர்கள். உண்மையிலேயே இடம் இல்லை. "சும்மா இருக்கிற காலுக்கும் ஒரு எடம் வேணும்பா" என்று முனகிக்கொண்டே தலையை எடுத்தீர்கள்.

அடுத்த பிளேட்டும் போயிற்று. முதலாளி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இன்னொரு வாட்டி போச்சின்னா வண்டிய மூடி வெச்சிடுவேன். நீயும் வேற எடம் பாத்துக்கப்பா" என்றார். வேனுக்கு ஏற்கெனவே வேறு டிரைவர் வந்தாயிற்று.

அந்த வாரம்தான் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். கடையில் டீ போட விறகு வேண்டும் என்று பின்பக்கம் கிடந்த கட்டைகளைக் கிளறினீர்கள். நீங்கள் பொறுக்கியதை நானே சாக்கில் சுற்றி உங்கள் வண்டியில் கட்டிக் கொடுத்தேன். உங்கள் கடையில் அடுப்பே கிடையாது என்பது அன்றைக்கு எனக்கு ஏன் உறைக்கவில்லை?

காரைத் திருப்பிக் கொடுத்த அன்று, கால் வைக்க இடம் இருந்தது.

"இன்னா பாய் இது?"

"கம்பெனியே வெச்சதுதான். ரப்பர் மேட்டுக்கு அடியில அமுங்கிக் கெடந்துச்சி. தூக்கி உட்டேன்."

முதலாளியிடமும் அதையே சொன்னீர்கள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. வந்தவர் போனவரையெல்லாம் குனியவைத்து, "பாத்தீங்களா, அந்தக் காலத்துலயே டிரைவர் காலுக்கு எடம் யோசிச்சி வெச்சிருக்கான்" என்று காட்டினார். அதற்கப்புறம் ஒரு பிளேட்கூடப் போகவில்லை.

நேற்று சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். பழைய கார்களின் கண்காட்சிக்கு நம் வண்டி போகிறது. அதைப் பார்த்துச் சொல்ல வந்தவர். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சார், இந்த மாடல்ல இது கெடையாது. யாரோ பின்னாடி வெச்சது. ஓட்ட போட்டிருந்தா கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முதலாளி என்னைப் பார்த்தார்.

"நீயா வெச்ச?"

நான் குனிந்து அந்தப் பலகையைப் பார்த்தேன்.

"காலைல கழட்டு. ஓட்ட இருந்துச்சின்னா நான் மனுசனா இருக்க மாட்டேன்."

ராத்திரியெல்லாம் குழம்பினேன். நான் வைத்தேன் என்றால் வேலை போகும். நீங்கள் வைத்தீர்கள் என்றால், பாய் கை வைத்தது வண்டிக்கே தெரியாது என்று ஊர் சொல்லும் பேச்சு போகும். எனக்கு உங்கள் மேல் கோபம்கூட வந்தது. என்னிடமே எதற்குப் பொய் சொன்னீர்கள்? காலையில் ரெக்ஸினை உரித்து அந்தக் கணுவைப் பார்த்தபிறகு, அந்தக் கோபத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் என் பலகைமேலேயே கால் வைத்துக்கொண்டு, வெளிநாட்டுக்காரன் புத்தியை மெச்சிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பலகையை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். "பாய் வெச்சது மொதலாளி. எனக்காக" என்றேன். அவர் நேரே காருக்குப் போய், தரை முழுக்க விரலால் தடவினார். ஓட்டை இல்லை. ஏற்கெனவே இருந்த ஒரு போல்ட்டில் தகட்டுக் கொக்கியை மாட்டி, அதில் பலகையைச் சொருகியிருந்தீர்கள். ஒரு கையால் கழன்று வந்திருந்தது.

அவர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். அவரும் அவ்வப்போது ஓட்டுகிறவர்தானே. அவர் இடது கால் அந்த இடத்தைத் தேடியது. காணோம். மெதுவாக ஏறிக் கிளட்ச் மேல் உட்கார்ந்தது. இரண்டு பேரும் அந்தக் காலையே பார்த்தோம்.

"கம்பெனி வெச்சதுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேனேப்பா" என்றார். சிரித்தாரா, நொந்துகொண்டாரா, தெரியவில்லை. அப்புறம், "இது இல்லாம சென்னை வரைக்கும் எவன் ஓட்றது? பேஜாரு. மாட்டு. அங்க கண்காட்சி வாசல்ல கழட்டிக்கலாம்" என்றார்.

மாட்டிவிட்டேன். ரெக்ஸினைத் திரும்பச் சுற்றவில்லை. கேட்காமலே எனக்காக எதற்கு இவ்வளவு செய்தீர்கள் பாய்? செய்துவிட்டு எதற்கு மறைத்தீர்கள்? சொல்லியிருந்தால் ஒரு டீயாவது...

முதலாளி ஹார்ன் அடிக்கிறார். "யோவ், கடுதாசி எழுதனது போதும், ஜல்தி வா!"

வந்துவிட்டேன் மொதலாளி. ஒன்றே ஒன்று பாய். கொஞ்சம் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை வைத்துப் பார்த்தேன். அந்தக் குழியில் என் பெருவிரல் இன்னும் சரியாகப் பொருந்து...