பிள்ளையார் படத்துக்குப் பின்னால்

அன்புப் பிள்ளைக்கு,

நீ எழும்பும்போது நான் வேலைக்குப் போயிருப்பேன். மேசையிலுள்ள கடிதத்தை முதலில் படி. மிலானோவில் வணிக முகாமைத்துவம் படிக்க உனக்கு இடம் கிடைத்துவிட்டது. இங்குள்ள பல்கலைக்கழகத்திலிருந்து அங்கே மாறக் கேட்ட முந்நூறு பேரில் இருபது பேருக்குத்தானாம். நேற்றுத்தான் நான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோரா வாசித்துச் சொன்னா. இன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் கையெழுத்து வைத்து ஃபாக்ஸ் அனுப்பாவிட்டால் இடம் போய்விடும். பொலிதேயாமாச் சதுக்கத்தில் ஃபாக்ஸ் கடை ஒன்பதுக்குத் திறக்கும்.

"கடிதம் வந்ததோ அம்மா?" என்று தினமும் கேட்டாய்.

"இல்லைப் பிள்ளை, வந்தால் தருவன்தானே" என்றேன்.

வந்து பத்து நாள். அன்றைக்கு அட்டமி, மறுநாள் நவமி. நல்ல காரியத்துக்கான கடிதத்தை அந்த நாட்களில் பிரிக்கக்கூடாதென்று பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

புட்டு மூடி வைத்திருக்கிறேன். கோபத்தில் வெறும் வயிற்றோடு ஓடாதே. மிலானோவுக்கு ரயிலில் ஒரு நாள் முழுக்கப் போகவேண்டுமாம்.

அட்டமி, நவமி என்றுதான் அப்பாவிடமும் சொல்லியிருக்கிறேன். உனக்கு மட்டும் எழுதுகிறேன். அதற்கடுத்த நாள் தசமி, நல்ல நாள். அன்றும் நான் அதை எடுக்கவில்லை.

உன் அம்மா