நரி ஒட்டாத பொட்டலம்

சித்தப்பா,

இன்று காலை குன்றாண்டார்கோவில் கடையில் ஒரு பல்பொடி டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தேன். கரும்பலகை துடைத்த துணியின் வாசம். மூடியில் நம் நரி, நீங்கள் வரையச் சொன்ன அதே சிரிப்போடு. கீழே அந்தத் திருச்சி பல்பொடிக் கம்பெனி முதலாளியின் விலாசம்.

"என்னடா, மூக்குப்பொடின்னு நெனச்சியா?" என்றார் கடைக்காரர்.

"சரக்கு பல்லிளிக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன். நீங்கள் பதில் போட முடியாத இடத்தில் இருப்பதால், திட்டும் சேர்ந்தே வரும்.

காலையில் முதலில் கையில் எடுப்பது பல்பொடி. நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம். இரண்டையும் முடிச்சுப் போட்ட மூளை உங்களுடையது. மெட்ராஸ் டிரேட்மார்க் ஆபீஸில் நம் பொடிக்கு அந்த நரி மார்க்கைப் பதிவும் செய்தீர்கள். ஹெட்மாஸ்டர் சைக்கிளில் நான் ஒரு லேபிளை ஒட்டியபோது அடிக்கக்கூட இல்லை. ஈரத்துணியால் உரிக்கவைத்தீர்கள். "நரி ஒட்டுனா உள்ள நல்ல சரக்கு இருக்கணும்டா. ஒங்க ஹெட்மாஸ்டர்கிட்ட என்ன இருக்கு?"

அன்றைக்குச் சிரித்தேன். கிராம்பு விலை ஏறியபோது அந்தப் பேச்சே வினையானது. கடுக்காயும் உப்பும் மட்டும் இடித்து, வெறும் காகிதப் பொட்டலத்தில் விற்றீர்கள். கிராம்பு இல்லாத பொடிக்கு நரி எதற்கு என்றீர்கள். சித்தி தலையில் அடித்துக்கொண்டார்: "அவனவன் சுண்ணாம்பை டப்பாவுல அடைச்சு விக்கிறான். ஒங்க கடுக்காய்க்கு என்ன கொறைச்சல்?" வருஷங்கள் போயின. லேபிள் கட்டுகள் பெட்டியிலேயே தூங்கின.

ஐந்து வருஷத்துக்கு மேல் உபயோகிக்காத மார்க்கைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடலாமாம். இது திருச்சி முதலாளிக்குத் தெரிந்திருந்தது, மனுப் போட்டுவிட்டார். விசாரணைக்கு நானும் உங்களோடு வந்தேன். ரயிலில் மஞ்சள் பையைத் திறந்து காட்டினேன். "நாலு பொட்டலத்துல நரிய ஒட்டிக்கிட்டு வந்திருக்கேன் சித்தப்பா. போன வருஷம் வித்ததுன்னு சொல்லிடுங்க."

"பையைக் கட்டுறா" என்றீர்கள்.

அதிகாரி நல்ல மனிதர். நீங்கள் தப்பிக்க ஒவ்வொரு கதவாகத் திறந்துவிட்டுப் பார்த்தார்.

"அஞ்சு வருஷமா பல்பொடியே விக்கலையா?"

"வாராவாரம் விக்கிறேங்க. லேபிள்தான் ஒட்டலை."

"லேபிள் தீர்ந்துபோச்சா?"

"பொட்டி நெறைய இருக்குங்க."

"கிராம்பே எங்கயும் வரலையா? அப்படின்னா அதை எழுதிக்கலாம்."

"வந்துச்சுங்க. எனக்குத்தான் வாங்க முடியலை."

மேசைக்கடியில் உங்கள் காலை மிதித்தேன். "தள்ளி ஒக்காருடா, எடம் இருக்கு" என்றீர்கள், அதிகாரி காதில் விழும்படி.

பதிவேட்டிலிருந்து நரி போயிற்று; பின்னால் திருச்சி முதலாளி அதைத் தன் பேரில் பதிந்துகொண்டார். அன்று ரயிலில் திரும்பும்போது கேட்டேன்: "ஒரு பொய் சொன்னா பல்லா கொட்டிப்போகும்?"

"கொட்டாது. ஆனா வாங்குறவன் நரியப் பாத்துத்தானடா வாங்குறான்" என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அடுத்த மழைக்காலத்தில் நீங்களும் போய்விட்டீர்கள்.

இப்போதும் நரியைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள், சித்தப்பா. சுண்ணாம்பை. உபயோகிக்கவில்லை என்று பிடுங்கத் தெரிந்த ஆபீஸுக்கு, எதற்கு உபயோகிக்கிறான் என்று மோந்து பார்க்கத் தெரியவில்லை.

போன வாரம் சித்தியின் தம்பி பினாங்கிலிருந்து வந்தார், ஒரு துணிமூட்டை கிராம்போடு. சித்தி இடித்தார், நான் சலித்தேன். வீடு முழுக்க உங்கள் சட்டையின் வாசம். நரி ஒட்டத் தகுந்த பொடி. ஒட்டி விற்றால் வழக்கு. வெறும் பொட்டலத்தில்தான் விற்றோம்.

ஒரே ஒரு டப்பாவில் மட்டும் லேபிள் ஒட்டிக் கிணற்றடி மாடத்தில் வைத்திருக்கிறேன். அது விற்பனைக்கு இல்லை. வீட்டில் பல் துலக்குவது உபயோகத்தில் சேராதாம்; சேராவிட்டால் போகட்டும். தினமும் நரி முகத்தில்தான் விழிக்கிறேன். அதிர்ஷ்டத்தைக் காணோம். கிராம்பு மட்டும் பல்லிடுக்கில், மத்தியானம் வரை, காரமாக நிற்கிறது.