பின் இருக்கை

பிப்ரவரி 4

அன்புள்ள மச்சானுக்கு,

நானும் உன் அக்காவும் நலம். புது எஞ்சின் வந்துவிட்டது. பழையதை இறக்க ஆறு பேர் தேவைப்பட்டார்கள். இதை நானும் கொட்டகைக் காவலரும் அலுங்காமல் தூக்கி வைத்தோம். நாலு வருஷமாகப் பிரித்துப் போட்டிருந்த விமானம் இப்போது மூக்கும் முழியுமாக நிற்கிறது. பல் பிடுங்குகிறவனுக்கு விமானம் எதற்கு என்று உங்கள் வீட்டில் சிரித்தீர்களே, மார்ச் 17 ஞாயிறு பறக்கப் போகிறேன். பின் இருக்கையில் உன் அக்கா. மெத்தைகூடத் தைத்தாயிற்று. நீ பெரிய விமானங்களுக்கு எஞ்சின் பார்க்கிறவன். கண் வைக்காமல் வாழ்த்து.

உன் அத்தான்

பிப்ரவரி 11

அன்புள்ள அத்தானுக்கு,

படித்து மிகவும் சந்தோஷப்பட்டேன். ஒரு சின்ன விஷயம், குறையாக நினைக்கக் கூடாது. எஞ்சின் இலேசானால் பாரம் வால் பக்கம் போய்விடும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் இன்னும் போகும். அப்போது மூக்கு மேலே தூக்கிக்கொண்டால் அதைக் கீழே கொண்டுவர முடியாது, விமானம் வேகம் இழந்துவிடும். சக்கரங்களுக்கடியில் தராசு வைத்து எடை பார்த்துவிடுங்கள். முதல் தடவை தனியாகவே போங்கள். உங்களுக்குத் தெரியாததல்ல. அக்காவின் எடையைப் பற்றி நான் பேசியதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் அந்த வீட்டில் எனக்குச் சோறு கிடையாது.

உங்கள் மச்சான்

பிப்ரவரி 25

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதத்தை அக்காவிடம் படித்துக் காட்டிவிட்டேன். சோறு கிடையாது.

தராசா? நான் என்ன வெங்காய மூட்டையா விற்கிறேன்? வாலைக் கையால் தூக்கிப் பார்த்தேன், போதும். நேற்று அவளைப் பின்னால் உட்காரவைத்து ஓடுபாதையில் வேகமாக ஓட்டினேன். பழைய எஞ்சினில் பாதித் தூரத்திலேயே வால் எழும்பிவிடும். இப்போது பசை போட்ட மாதிரி தரையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அவ்வளவு உறுதி. "குலுக்கலே இல்லீங்க" என்கிறாள் உன் அக்கா.

உன் அத்தான்

மார்ச் 7

அத்தான்,

வால் எழும்பவில்லை என்றால் அது உறுதி அல்ல, பாரம் பின்னால் போய்விட்டது என்று அர்த்தம். நான் பயந்தது அதற்குத்தான். வீட்டு மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று சிரிப்பில் பொதிந்து எழுதினேன். இப்போது நேராகச் சொல்கிறேன்: அந்த விமானம் உங்கள் இருவரையும் கொன்றுவிடும்.

அக்காவுக்குப் போன் செய்தேன். "அவருக்குத் தெரியாததாடா? சும்மா இரு, அவரு மனசு நோகும்" என்று வைத்துவிட்டாள். வேறு வழியில்லாமல் உங்கள் விமானத் தளத்தின் சோதனை அதிகாரிக்கு எழுதிவிட்டேன். எடை போடாமல் அவர் விடமாட்டார். எத்தனை வருஷம் வேண்டுமானாலும் என்மேல் கோபமாக இருங்கள்.

உங்கள் மச்சான்

மார்ச் 13

மச்சான் என்று எழுதக் கை வரவில்லை.

அதிகாரி வந்தார். எல்லோர் முன்னாலும் தராசு வைத்தார். நீ சொன்னபடிதான் வந்தது, சந்தோஷப்பட்டுக்கொள். மூக்கில் ஈயக் கட்டி பொருத்தி மறுபடி எடை காட்டும்வரை பறக்கக் கூடாதென்று எஞ்சினின் முன் காற்றாடியில் கம்பி சுற்றி முத்திரை வைத்துவிட்டுப் போனார். "உங்க மச்சான்தான் எழுதினாரு. நல்ல மனுஷன்" என்றார். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் என்னிடம் பல் காட்ட வருகிறவர்கள். நாளை அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

இனி இந்த வாசப்படி உனக்கில்லை.

வால் பாரம் கொஞ்சந்தான் கூடுதல். என் கை அதைச் சமாளிக்கும். முத்திரை என்பது மெல்லிய கம்பி. ஞாயிறன்று காற்று இருக்காது என்கிறார்கள். உன் அக்கா வருகிறாள். அவளுக்காவது என்மேல் நம்பிக்கை இருக்கிறது.

மார்ச் 17, ஞாயிறு

அத்தான்,

உங்கள் கடிதம் நேற்று மாலையே பணிமனைக்கு வந்திருக்கிறது. எனக்கு ஞாயிறும் வேலை, இன்று காலை வந்தபோதுதான் பார்த்தேன். வீட்டில் யாரும் போனை எடுக்கவில்லை. அதிகாரிக்கு விடுமுறை. கடைசியில் விமானக் கொட்டகைக்குப் போன் செய்தேன், காவலர் எடுத்தார். "டாக்டரும் அம்மாவும் அப்பவே வந்துட்டாங்க. கம்பி கீழ கிடக்குது சார்" என்றார். ஓடிப் போய் நிறுத்தச் சொன்னேன். ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு ஓடினார்.

இன்னும் திரும்பவில்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எழுதுகிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் இறங்கி வந்து இதைப் படித்துவிட்டு என்னைத் திட்ட வேண்டும். அக்காவும் சேர்ந்து திட்டட்டும். அந்த வாசப்படியை நான் மிதிக்கவே வேண்டாம்.

போனில் எஞ்சின் சத்தம் கேட்கிறது. நல்ல சத்தம், அத்தான். நன்றாகத்தான் மாட்டியிருக்கிறீர்கள். விமானம் மேலே ஏறுகிறது.

சத்தம் சட்டென்று அறுந்துவிட்டது. யாரோ போனை நோக்கி ஓடி வருவது கேட்கிறது.

உங்கள் மச்சான்