பிரியாணி அண்டாவின் மேல் இருந்த கல்

அக்கா,

உங்கள் குழவிக்கல் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். நெய்யும் பட்டையும் கிராம்பும் கலந்த அந்த வாசனை மட்டும் போகவில்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை. பிரசங்கம் எழுத உட்கார்ந்தவன் இந்த வாசனையில் மாட்டிக்கொண்டு உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. இறந்தவருக்குக் கடிதம் எழுதுகிற போதகரை மூப்பர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது. சொல்லிவிட்டுப் போகட்டும்.

செமோர் பக்கத்து அந்தத் தோட்டத்து ஆலயத்துக்கு நான் வந்தபோது ரப்பர் மரமெல்லாம் போய்ச் செம்பனை நட்டாகிவிட்டது. சனங்களும் லயத்து வீடுகளைக் காலி செய்துவிட்டு ஈப்போவுக்கும் புதுப்புதுத் தாமான் குடியிருப்புகளுக்கும் குடிபோய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் காரிலும் மோட்டாரிலும் வந்து போவார்கள். வாலிபப் பிள்ளைகளோ காணிக்கைப் பாட்டு முடிவதற்குள் வெளியே நழுவி மரத்தடியில் நின்று போனைத் தடவுவார்கள். அவர்களைப் பிடித்து வைக்கத்தான் விளையாட்டு நாள் ஒன்றை ஆரம்பித்தேன். காலையில் பையன்களுக்குப் பந்து, பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்து, கடைசியில் எல்லாருக்குமாகத் தோட்டத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் ஓட்டம்.

ஆலய வளாகத்தில் பெண்பிள்ளைகள் அரைக்கால் சட்டை போட்டு ஓடுவதா என்று மூப்பர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து நின்றார். சமையலறை வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நீங்கள் அங்கிருந்தே கேட்டீர்கள்.

"முட்டி தெரிஞ்சா ஆண்டவரு கண்ண மூடிக்குவாரா? முட்டிய செஞ்சதே அவருதானே லா."

மூப்பர் உட்கார்ந்துவிட்டார். விளையாட்டு நாள் நிலைத்தது.

என்னைவிட நீங்கள் ஆறு வயது மூத்தவர். தோட்டம் மூடும்வரை ரப்பர் மரத்தில் பால் வெட்டினீர்கள். அப்புறம் பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைத்தீர்கள், ஞாயிறும் திருநாளும் ஆலயத்தில் சமைத்தீர்கள். நேரம் தவறினால் எனக்குக் கோபம் வரும் என்பதால் எனக்குக் 'கடிகாரம்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தீர்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவீர்கள். அதற்காக நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் உண்டு.

முதல் வருட ஓட்டத்தன்று பாதிப் பேர் வந்து சேர்ந்ததும் நான் சாப்பாட்டு ஜெபத்துக்குக் கையைக் கூப்பிவிட்டேன். நீங்கள் கரண்டியோடு வந்து குறுக்கே நின்றீர்கள். உங்களுக்குப் பின்னால் பிரியாணி அண்டா. மூடியின் மேல் ஆவி போகாமலிருக்க உங்கள் அம்மா வீட்டு அம்மிக் குழவி.

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்துகிட்டு இருக்காங்க அக்கா. பிள்ளைங்க பசியில இருக்கு."

"அப்ப இருங்க. கடைசி ஆளு வந்து இந்தக் கல்ல எறக்கட்டும். அப்புறம் ஜெபம் பண்ணலாம்."

பிறகு பாத்திரம் கழுவும்போது காரணம் சொன்னீர்கள். உங்கள் அம்மாவுக்குக் கால் ஊனம். பால் வெட்டும் மர நிரையில் எப்போதும் கடைசி. வேலை வாங்கும் மண்டோர் திட்டுவாராம். ஆனால் மற்றப் பெண்கள் பால் வாளியைத் தரையில் வைத்துவிட்டு, உங்கள் அம்மா வரும்வரை நிற்பார்களாம். "காட்டுக்குள்ள ஒருத்தியத் தனியா விட்டுட்டு வர முடியுமா பாஸ்டர்? பன்னி இருக்கும், பாம்பு இருக்கும். அவ்வளவுதான், பெரிய தத்துவம்லாம் இல்ல." நான் அதைப் பிரசங்கத்தில் சொல்லப் போகிறேன் என்றதும், அதெல்லாம் வேண்டாம் என்று ஈரக் கையால் துரத்தினீர்கள்.

அப்படித்தான் அது வழக்கமாயிற்று. கடைசியாக வருகிறவர் கல்லை இறக்க வேண்டும், நான் ஜெபம் பண்ண வேண்டும், நீங்கள் மூடியைத் திறக்க வேண்டும். முதலாவதாக வந்தவனுக்குக் கோப்பை. கடைசியாக வந்தவருக்கு முதல் தட்டு. ஷரோன் வந்ததும் அது அவளுடைய வழக்கமாகவே ஆகிவிட்டது.

பன்னிரண்டு வயதில் முதன்முதல் ஓடினாள். கொஞ்சம் குண்டு, மூச்சு வாங்கும். ஆனால் நடந்தாலும் நடப்பாளே தவிர பாதியில் நிற்க மாட்டாள். மூன்று வருடமும் அவள்தான் கடைசி. வாசலில் அவள் தலை தெரிந்ததும் நீங்கள், "மெதுவா வாடி, சோறு இன்னும் வேகல," என்று கத்துவீர்கள். பிள்ளைகள் தட்டைத் தட்டுவார்கள். அவள் கல்லை இரண்டு கையாலும் தூக்கி, கோப்பை வாங்கியவள் மாதிரி எல்லாருக்கும் காட்டிவிட்டு இறக்குவாள். ஞாயிறு ஆராதனைக்கு அவள் அப்பா வந்ததே அவள் இழுத்து வந்ததால்தான்.

நான்காவது வருடம் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் என் பக்கத்துக் கதையை நான் உங்களிடம் முழுதாகச் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்.

அன்று ஈப்போவிலிருந்து மூத்த போதகர் ஒருவர் விருந்தினராக வந்திருந்தார். மழை கறுத்துக்கொண்டு வந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் பின்பக்கம் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தீர்கள். ஷரோன் பெயருக்கு நேரே மட்டும் பட்டியலில் குறி விழவில்லை. பையன் ஒருவன், "அவங்கப்பா மோட்டார்ல ஏத்திட்டுப் போயிட்டாரு போல, பாஸ்டர்," என்றான். 'போல' என்றுதான் சொன்னான். நான் அதை நம்பவில்லை, அக்கா. நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. மழை, விருந்தினர், நேரம் என்று காரணங்களை அடுக்கிக்கொண்டு என் கையாலேயே கல்லை இறக்கினேன். ஜெபமும் பண்ணினேன்.

அப்பளத் தட்டோடு வந்த நீங்கள் தரையில் கிடந்த கல்லைப் பார்த்தீர்கள்.

"யாரு எறக்குனது?"

"நான்தான் அக்கா. மழை வருது லா."

நீங்கள் தட்டை வைத்தீர்கள், குடையை எடுத்தீர்கள், செம்மண் பாதையில் இறங்கி நடந்தீர்கள். அரை மணி நேரம் கழித்து இரண்டு பேரும் வந்தீர்கள். அவள் முன்னால், நீங்கள் இரண்டு அடி பின்னால், குடை அவள் தலைக்கு மேல். ஒரு காலில் சப்பாத்து இல்லை. சேற்றில் மாட்டிக்கொண்டதாம். வளாகத்தில் பாதிப் பேர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அவள் அண்டாவைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நான் வந்துகிட்டுதானே இருந்தேன், பாஸ்டர்."

மன்னித்துக்கொள் அம்மா என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அத்தனை வாலிபர் முன்னால், விருந்தினர் முன்னால், எனக்கு வாய் வரவில்லை. நான் சொன்னது, "பரவால்லமா, உனக்குத் தாப்பாவ் கட்டி வச்சிருக்கோம்." பொட்டலத்தை நீட்டவும் செய்தேன். அவள் வாங்கவில்லை. மறுநாள் நான் விடாமுயற்சியைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். நல்ல பிரசங்கம் என்று நாலு பேர் கையைப் பிடித்துச் சொன்னார்கள். அவளும் அவள் அப்பாவும் உட்காருகிற பெஞ்சு காலியாக இருந்தது. அதற்கப்புறம் அவர்கள் வரவே இல்லை.

நீங்கள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இனி அந்தக் கல்லு வேணாம் பாஸ்டர்" என்று மட்டும் சொன்னீர்கள். அடுத்த வருடத்திலிருந்து அண்டா மூடிமேல் செங்கல் வைத்தீர்கள். விளையாட்டு நாளில் கோப்பைகள் கூடின, ஓடுகிறவர்களும் கூடினார்கள், வந்தவர்கள் வந்தவுடன் சாப்பிட்டார்கள். நேரத்துக்கு எல்லாம் முடிந்தது.

அந்தக் குடும்பம் கோப்பெங்குக்குக் குடிபோனது. நீங்கள் இரண்டு பஸ் மாறி மாதத்தில் ஒரு சனிக்கிழமை போய் வந்தீர்கள், முறுக்கு டின்னோடு. போகும் வழியில் என் வீட்டு வாசலில் நின்று கேட்பீர்கள்.

"போலாமா பாஸ்டர்?"

"அடுத்த மாசம் வாரேன் அக்கா."

பதினோரு வருடம் இதையே சொன்னேன். கல்யாணம் இருந்தது, அடக்கம் இருந்தது, கூட்டம் இருந்தது. எல்லாம் உண்மைதான். ஒரு சின்னப் பெண்ணின் முன்னால் போய் நிற்கப் பயந்தேன் என்பதும் உண்மை. விடாமுயற்சி என்றால் ஓடுகிறவனுடைய சமாச்சாரம் என்றே அதுவரை நான் பிரசங்கித்து வந்தேன். காத்து நிற்கிறவர்களுக்கும் அது வேண்டும் என்பதை உங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தும் நான் படிக்கவில்லை.

ஈப்போ மருத்துவமனையில் கடைசியாக உங்களைப் பார்த்த மாலை நினைவிருக்கிறது. கை எலும்பாகிவிட்டிருந்தது. ஜெபம் பண்ணி முடித்துக் கிளம்பினேன். நீங்கள் கூப்பிட்டீர்கள்.

"நீங்க இன்னும் வரலியே, பாஸ்டர்."

எங்கே என்று நான் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"பரவால்ல. மெதுவா வாங்க. நான் கல்ல எறக்கல."

கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுதேன். அழுத பிறகும் போகவில்லை, அக்கா. உங்கள் அடக்கத்துக்கு ஷரோன் வந்திருந்தாள். கேட் பக்கத்தில் நின்றாள். பார்த்தேன். மண் போடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது அவள் இல்லை. அவ்வளவு கோழை நான்.

மூன்று வாரத்துக்கு முன்பு சமையலறையை ஒழுங்கு பண்ணினோம். கழுவு தொட்டிக்குக் கீழே ஒரு கைலித் துண்டில் சுற்றிய கனமான பொருள் கிடைத்தது. அவிழ்த்தால் இந்தக் கல். ஒரு பொட்டுத் தூசி இல்லை. வருடா வருடம் கழுவித் துணி மாற்றி வைத்திருந்தீர்கள் என்று உங்களோடு சமைத்த பெண்கள் சொன்னார்கள். நான் அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு கோப்பெங் போனேன். அடுத்த மாதம் என்று சொல்ல வாசலில் ஆள் இல்லை.

ஷரோன் ஒரு பல் மருத்துவ கிளினிக்கில் வேலை செய்கிறாள். வேலை முடிந்து நீலச் சீருடையோடு வீட்டுக்கு வந்தவள், வாசலில் நின்ற என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. உட்காரச் சொன்னாள். நான் உட்காராமலே சொன்னேன். பையன் சொன்னதை நான் நம்பவில்லை என்பது, விருந்தினர் முகம், தாப்பாவ் பொட்டலம், உங்கள் அடக்கத்தன்று முதுகைக் காட்டியது, ஒன்றையும் விடவில்லை. என்னை மன்னித்துக்கொள் அம்மா என்றேன். அவள் தேத்தண்ணி கலக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள், பிறகு முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

"நீங்க வருவீங்கன்னு ஆன்ட்டி சொல்லிக்கிட்டே இருப்பாங்க. எனக்குக் கோபமா வரும். ஏன் அவருக்குப் பரிஞ்சு பேசுறீங்கன்னு சண்ட போடுவேன். அவருக்கும் மூச்சு வாங்கும்லான்னு சொல்லுவாங்க."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் அதைப் பிடுங்கி வாங்க நினைக்கவில்லை. விளையாட்டு நாள் வருகிறது என்றேன். "ஆன்ட்டி இருந்திருந்தா வந்திருப்பேன். இப்ப தெரியல," என்றாள். செருப்பு மாட்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"கல்லு இருக்கா பாஸ்டர்?"

"இருக்கு."

"ஒரு ஓரம் ஒடஞ்சிருக்கும். மொத வருசம் நான் கீழ போட்டது. ஆன்ட்டி யாருகிட்டயும் சொல்லல."

இன்றைக்குக் காலையில் அண்டா மூடிமேல் உங்கள் கல்லை வைத்தோம். ஓடுகிறவர் பட்டியலில் கடைசிப் பெயராக என் பெயரை எழுதினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அறுபத்தொன்று, முட்டியில் வலி. ஓட ஆசைப்பட்டு எழுதவில்லை. யாரும் பின்னால் விடுபட்டுப் போகாமல் எல்லாருக்கும் பின்னால் ஒருவர் நடக்க வேண்டும், அது நானாக இருக்க வேண்டும் என்று எழுதினேன். கடைசியாக ஓடிய சின்னப் பெண்ணோடு பேசிக்கொண்டே செம்பனைக்குள் நடந்தேன். மழை பிடித்துக்கொண்டது. ஆலயக் கூரை தெரிந்ததும் அவள் என்னை விட்டுவிட்டு ஓடிவிட்டாள். நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்குள் நுழையும்போது மணி ஒன்றே முக்கால்.

ஒருவரும் சாப்பிட்டிருக்கவில்லை. எண்பது பேர் காலித் தட்டோடு கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். அண்டா பக்கத்தில் நீலச் சீருடையில் ஒருத்தி குடை பிடித்து நின்றாள். பாதி நாள் விடுப்பு எடுத்து வந்திருக்கிறாள். அந்தச் சின்னப் பெண் ஆசையோடு கல்லின்மேல் கையை வைத்தாள். ஷரோன் மெதுவாக அந்தக் கையை எடுத்துவிட்டாள்.

"நீ இல்லமா. லிஸ்ட்ல இன்னும் ஒரு பேரு இருக்கு," என்றவள் என் பக்கம் திரும்பினாள். "மெதுவா வாங்க பாஸ்டர். சோறு இன்னும் வேகல."

யாரோ தட்டைத் தட்ட ஆரம்பித்தார்கள். நான் அந்த இருபது அடியை நடந்தேன். கல் சுட்டது. உடைந்த ஓரம் சுட்டுவிரலில் கீறிவிட்டது, எழுதும்போது இப்போதும் எரிகிறது. அதை இறக்கி வைத்துவிட்டு ஜெபம் பண்ண வாயைத் திறந்தால் வார்த்தை எதுவும் வரவில்லை. ஷரோன்தான் ஆமென் என்றாள். மூடியையும் அவளே திறந்தாள்.

வந்துவிட்டேன், அக்கா.