பம்பு இயக்குபவர் தேர்வைக் கொட்டகையிலேயே நடத்த வேண்டி

அனுப்புநர்
ஓய்வுபெற்ற நடுநிலைப்பள்ளி ஆசிரியை,
நகராட்சித் தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீடு.

பெறுநர்
நகரமன்றத் தலைவர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: குடிநீர்ப் பம்பு இயக்குபவர் பணிக்கான தேர்வை மீண்டும் மாடி அறைக்குக் கொண்டுபோகாமல், வாகனக் கொட்டகையிலேயே எல்லோர் முன்னிலையிலும் நடத்தக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கு,

1. "சிபாரிசு இல்லாம நகராட்சியில வேலை கிடைச்ச ஒரே ஒருத்தரைக் காட்டுங்க பெரியம்மா, நான் மனு போடுறேன்" என்று என் தங்கை மகள் சென்ற ஆண்டு என்னிடம் கேட்டாள். அவள் பம்பு பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்பவள். நானோ குடிமக்களின் உரிமையும் கடமையும் பற்றிப் பாடம் நடத்தியவள். எதற்கும் உதாரணம் சொல்லாமல் விடமாட்டேன். அன்று யோசித்து யோசித்துப் பார்த்தும் ஓர் ஆள்கூட நினைவுக்கு வரவில்லை. தேநீர் ஆறியதுதான் மிச்சம்.

2. அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. முன்பு இருமுறை இதே பணிக்கான தேர்வுக்குப் போனாள். இருமுறையும் மாடி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தேர்வு நடந்தது. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள், யாருக்கோ கிடைத்தது. கிடைத்தவர் திறமைசாலியாகவே இருந்திருக்கலாம். ஆனால் தெருவில் அவரைப் பார்த்தவர்களெல்லாம் "எவ்வளவுப்பா வெட்டினே?" என்றுதான் விசாரித்தார்கள். பாவம், அவராலும் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

3. இம்முறை மாடிக் கூரை ஒழுகியதால் தேர்வு கீழே வாகனக் கொட்டகைக்கு வந்தது. என் நச்சரிப்பு தாங்காமல்தான் அவளும் வந்தாள். தண்ணீர் ஏற்றாத ஒரு பம்பை நடுவில் வைத்து, பழுது எங்கே என்று ஒவ்வொருவரையும் கண்டுபிடிக்கச் சொன்னார் பொறியாளர். முறை வராதவர்கள் மட்டும், முன்கூட்டியே பார்த்துவிடாதபடி, அலுவலகத்துக்குள் காத்திருந்தார்கள். முடித்தவர்களும் வீட்டாரும் வழியே போனவர்களும் சுற்றி நின்று பார்த்தோம்.

4. நடுவில் வார்டு உறுப்பினர் ஒருவர் வந்து பொறியாளரின் காதருகே குனிந்தார். "மைக்கில சொல்லுங்கண்ணே, எல்லாரும் கேக்கட்டும்" என்று பொறியாளர் மைக்கை நீட்டிவிட்டார். உறுப்பினர் மைக்கைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "புள்ளைங்களுக்குக் குடிக்கத் தண்ணி வச்சிருக்கீங்களா?" என்றார். "பம்பு ஓடினாத்தானே தண்ணி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கொட்டகையே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, எங்களோடு நின்று கடைசிவரை பார்த்தார். இதை அவர்மீது புகாராகச் சொல்லவில்லை. அன்று அவர்மேல் எனக்கு மதிப்பு கூடியது.

5. வேலை என் தங்கை மகளுக்குக் கிடைக்கவில்லை. கொத்தனார் மகனுக்குக் கிடைத்தது. இவள் மோட்டாரைப் பிரிப்பதிலேயே நேரத்தைப் போக்கிவிட்டாள். இவளுக்குப் பின் வந்த அவன் முதலில் பம்பில் தண்ணீர் ஊற்றினான். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் இறங்கிவிட்டது. உடனே தண்ணீர்ப் பீப்பாய்க்குள் விட்டிருந்த குழாயை மேலே இழுத்து, அதன் அடியிலுள்ள வால்வு மூடாததால்தான் தண்ணீர் நிற்கவில்லை என்று எல்லோருக்கும் காட்டினான். வீடு திரும்பும்போது இவள் அழுவாள் என்று கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தேன். அவளோ, "அவனுக்குத்தான் குடுக்கணும் பெரியம்மா. எனக்கு ஏன் தண்ணி ஊத்திப் பாக்கத் தோணலை? அடுத்த வாட்டி வரட்டும், காட்டுறேன்" என்றாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. தோற்றுப்போன பிள்ளை அன்றிரவு நிம்மதியாகச் சாப்பிட்டாள். கொத்தனார் மகனையும் இதுவரை யாரும் 'எவ்வளவு' என்று கேட்கவில்லை.

6. இப்போது கூரை சரியாகிவிட்டதால், அடுத்த காலியிடத்துக்கான தேர்வு மாடி அறையில் நடக்கும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு, "பழையபடியா?" என்றாள் அவள். மனு போடக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அவள் இன்னும் போடவில்லை.

7. மாடியில் தவறு நடக்கும் என்று நான் சொல்லவில்லை, ஐயா. நடக்கவே இல்லை என்றாலும் அது எங்களுக்குத் தெரிய வழியில்லையே என்பதுதான் என் குறை. ஆகவே வெள்ளிக்கிழமைக்கு முன்பே அந்த அறிவிப்பை மாற்றி, தேர்வைக் கொட்டகையிலேயே நடத்த உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தாங்களும் அன்று வந்து எங்களோடு நிற்க வேண்டும். முடிவை அறிவித்தபின், வேலை கிடைக்காத ஒருவரை அருகில் அழைத்து, "அடுத்த தடவை வருவீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள்.

இடம்: தண்ணீர்த் தொட்டித் தெரு
நாள்: ஜூன் 14, செவ்வாய்

இப்படிக்கு,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற ஆசிரியை