ஆமை வரைந்த வீடு

ஏங்க, நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் படுத்துவிடாதீர்கள். களியும் கீரைக் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். நேற்று வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னதற்காகப் பிள்ளையிடம் கத்திவிட்டுப் போனீர்களே, அதற்கு என் பதில் இது.

பதினோரு மணிக்கு ஜெபசெல்வியின் நாலாம் வகுப்புக் கம்ப்யூட்டர் பாடத்தைப் பெற்றோர் பார்க்கலாம். போன மாதம் நான் போனேன். இன்று நீங்கள் போங்கள். ஏசி ரூம், செருப்பை வெளியே விட்டுக் காலைக் கழுவிக்கொண்டு நுழையுங்கள்.

திரையில் ஓர் ஆமை இருக்கும். இவள் தட்டுகிற கட்டளைப்படி கோடு போட்டுக்கொண்டே நகரும். அன்று வீடு வரையச் சொன்னார்கள். ஆமை கூரையைத் தாண்டி ஓடிவிட்டது. உங்கள் முன்னால் நின்றாலே உதடு நடுங்குகிற பெண், அங்கே விழுந்து விழுந்து சிரித்தாள். அழித்தாள், தட்டினாள், மறுபடியும் தப்பு, மறுபடியும் தட்டினாள். வகுப்பிலேயே முதலில் வீட்டை முடித்தவள் நம் பெண்தான்.

"பயமா இல்லியா உனக்கு?" என்றார் டீச்சர்.

"தப்பாச் சொன்னா இது கத்தாது மிஸ். சரியாச் சொல்ற வரைக்கும் சும்மா நிக்கும்."

சாவியைப் பக்கத்து வீட்டுக் கெம்பம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். கம்பெனி பஸ் வரும் நேரமாகிவிட்டது.

தேவமணி

வகுப்பில் பிள்ளையின் பின்னால் நின்று பாருங்கள், வாயைத் திறக்காதீர்கள்.

இன்னொன்று. நீங்கள் வருவீர்கள் என்று காலையில் அவளிடம் சொல்லிவிட்டேன். "அப்போ இன்னிக்கு ஒரு தப்புகூடப் பண்ணக்கூடாதாம்மா?" என்றாள். அதற்குப் பதிலை நீங்கள் சொல்லுங்கள்.