திரும்ப வேலைக்குப் போகிறேன்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், இந்தத் தடவை அந்தச் சொல்லை வழக்கத்துக்காக எழுதவில்லை, யோசித்துத்தான் எழுதுகிறேன். நீயும் அங்கே நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்க வேண்டும். அக்கா மகளுக்குப் பல் முளைத்துவிட்டது, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள், அப்பாவின் மூக்குக் கண்ணாடியும் தப்பவில்லை. அவர் அதைக் கயிறு கட்டி மாட்டிக்கொண்டு, பேத்தி கொடுத்த ஃபேஷன் என்று பெருமையாகத் திரிகிறார்.

போனில் நீ, "மாத்திரையை விட்டுடும்மா, மனச திடமா வெச்சுக்கோ, எல்லாம் சரியாயிடும்" என்றாய். அக்கா பக்கத்தில் இருந்ததால் அப்போது பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நீராவிக் குழாய் வெடித்தபோது என்னோடு விரிப்பு மடித்துக்கொண்டிருந்தவள் போய்விட்டாள், நான் பிழைத்தேன். வெந்த கை ஆறிவிட்டது. ஆனால் எங்காவது உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டால் போதும், நான் மறுபடி அங்கேதான் நிற்பேன், சூடான ஈரத்துணி வாடைகூட மூக்கில் ஏறும். பஸ் கதவு திறக்கிற சத்தத்துக்கே நடுரோட்டில் உட்கார்ந்திருக்கிறேன். மனதைத் திடமாக வைக்காமலா இருந்தேன்? பல்லைக் கடித்துப் பார்த்தேன், பல்தான் வலித்தது.

மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறவர். இது மந்திரம் இல்லம்மா, சிலருக்கு நல்லா கேக்கும், சிலருக்கு அரைகுறையா கேக்கும், சிலருக்குக் கேக்காமலும் போகும், தெரியறதுக்கே பல வாரம் ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். முதல் மாத்திரை குமட்டலைத்தான் கொடுத்தது. குப்பையில் போடு என்றார் அப்பா. நான் போடவில்லை, டாக்டரம்மாவிடமே திரும்பப் போனேன், அவர் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார், அது மெள்ள மெள்ளக் கேட்டது. நடந்தது எதுவும் மறக்கவில்லை. சத்தம் கேட்டால் நெஞ்சு இப்போதும் அடித்துக்கொள்கிறது, ஆனால் நான் நிற்பது எந்த இடம் என்று தெரிகிறது. அந்தத் தெம்பு வந்த பிறகுதான் மனநல ஆலோசகர் முன்னால் உட்கார்ந்து அந்த நாளை முழுதாக வாய்விட்டுச் சொல்ல முடிந்தது, அதற்கு முன் பாதியிலேயே எழுந்து ஓடிவிடுவேன். மருந்து பாதி தூரம் தூக்கிவந்தது, மீதியை நான்தான் நடக்கிறேன்.

போன வாரம், என்னோடு விரிப்பு மடித்தாளே, அவள் வீட்டுக்குப் போனேன். இத்தனை நாள் அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. "கடைசியா என்ன பேசிட்டிருந்தா?" என்று அவள் புருஷன் கேட்டார், கேட்க ஆளில்லாமல் இத்தனை நாளும் வைத்திருந்த கேள்வி. சூப்பர்வைசரின் புது மீசையைக் கிண்டல் பண்ணிச் சிரித்துக்கொண்டிருந்தாள் என்றேன். அவர் சிரித்தார், பிறகு அழுதார், நானும் அழுதேன். எழுந்து ஓடவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறேன், முதலில் மடிக்கிற மேசையில் மட்டும். மாத்திரையை டாக்டரம்மா சொல்லும்வரை நிறுத்த மாட்டேன், திடீரென்று நிறுத்தினால் உடம்பு படாதபாடு படும் என்று சொல்லியிருக்கிறார். இதில் இனி உன்னோடு பேச்சுக்கு இடமில்லை கண்ணா.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும். குளிரில் வெளியே போனால் காதை மூடிக்கொள். மீசைக்காரர் என்னைப் பார்த்ததும் என்ன செய்வாரோ தெரியாது, நான் அவளுக்கும் சேர்த்துச் சிரித்துவிட்டு வருகிறேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா